அம்மாவுக்கும் விடுமுறை

ஒரு சனிக்கிழமை மாலை, கோல சிலாங்கூர் பட்டணத்தின் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். தலைநகரிலிருந்து வந்த பேருந்துகளும் வேன்களும் வரிசையாக நிற்கும். அவற்றில் வந்தவர்கள் படகேறிச் சென்று, கடல் வற்றும் வேளையில் தோன்றும் ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டைப் பார்த்திருப்பார்கள். செகிஞ்சான் வயல்வெளியில் படம் எடுத்திருப்பார்கள். புக்கிட் மெலாவத்தி ஏறி, அங்குள்ள சாம்பல்நிறக் குரங்குகளைக் கண்டிருப்பார்கள். ஆற்றோரக் கடையில் மீனும் இறாலும் சாப்பிட்டுவிட்டு, கடைசியாகக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப்பூச்சி பார்க்கப் புறப்படுவார்கள். இத்தனையும் ஒரே நாளில்!

நான் இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த மின்மினிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருளுக்குக் கண் பழகவே சில நிமிடங்கள் ஆகும். அதன்பிறகுதான் பெரெம்பாங் மரங்களில் அமர்ந்திருக்கும் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவது புலப்படத் தொடங்கும். ஆனால், படகிலிருந்து இறங்குகிறவர்களைக் கவனித்தால், பலர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். சிறு பிள்ளைகள் தோளில் தூங்கிப்போயிருப்பார்கள். “எல்லாத்தையும் பார்த்தாச்சு” என்று ஒருவர் சொல்வார். அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட ஒரு வேலையை முடித்த களைப்புத்தான் தெரியும்.

அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. என் குடும்பமும் வெளியூருக்குச் சென்றபோது இதையேதான் செய்தது.

நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில், தோட்டத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். இரண்டு நாளில் ஈப்போ, தைப்பிங், பினாங்கு என மூன்று ஊர்களைப் பார்த்துத் திரும்புவதே திட்டம். “இவ்வளவு தூரம் வந்துட்டோம், அதையும் பார்த்துடுவோம்” என்பதுதான் வேனுக்குள் அடிக்கடி கேட்கும் சொல். அந்தப் பயணங்களில் நான் பார்த்த இடங்களில் பாதி எனக்கு நினைவில் இல்லை. நினைவில் நிற்பது ஒன்று. விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் எரிந்த விளக்கு. அம்மா புளிச்சோறு கிளறிக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் உருளைக்கிழங்குப் பிரட்டல், மறுபக்கம் அவித்த முட்டை. தெர்மாஸ் குடுவையில் தேநீர். வேன் புறப்படும்போது எங்களுக்குத் தூக்கம் கலைந்து உற்சாகம் பிறக்கும். அம்மாவுக்கோ அப்போதுதான் கண் சொருகும்.

கடற்கரைக்குப் போனதும் நாங்கள் தண்ணீரில் குதிப்போம். அப்பா மற்ற ஆண்களோடு மரநிழலில் அமர்ந்து கதை பேசுவார். அம்மா பொதுக்குழாயடியில் இருப்பார்.

“அம்மா, நீங்க தண்ணிக்கு வரலையா?”

“நீங்க போய் விளையாடுங்கய்யா. நான் இந்தச் சட்டி பானையக் கழுவி வச்சிட்டு வரேன்.”

அவர் வரவே இல்லை. கழுவி முடித்தபோது வேன் ஓட்டுநர் எங்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

இதை நான் வருத்தத்துக்காகச் சொல்லவில்லை. இப்போது விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் எங்கே போகலாம், எந்த விடுதி மலிவு, எத்தனை மணிக்குப் படகு என்று கைப்பேசியில் தேடிச் சொல்பவர்கள் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே. ஆகவே, ஓய்வான விடுமுறை ஒன்றை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்வியை உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு என் விடை இது: குடும்பத்தில் மிகவும் களைத்துப்போனவர் யாரோ, அவரிடமிருந்து திட்டத்தைத் தொடங்க வேண்டும். இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்கக்கூடாது.

நம் வட்டாரத்தில் அந்தக் களைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு, ஆன்றி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். இன்று பெஸ்தாரி ஜெயா என அழைக்கப்படும் அந்த ஊரைச் சுற்றிலும், அதற்கு முன்பிருந்தே இரப்பர் தோட்டங்கள் இருந்தன. என் பாட்டி அப்படியொரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, குளிர்ச்சி குறையுமுன் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வீடு வந்தால், வீட்டில் அடுத்த வேலை காத்திருக்கும். “அடமழை பேஞ்சாத்தான் எனக்கு ஓய்வு; ஆனா அன்னைக்குக் கூலி கிடையாது” என்பார் அவர். ஓய்வு என்றாலே இழப்பு என்ற எண்ணம் அப்படித்தான் எங்கள் குடும்பத்தில் ஊறியது போலும். சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் பாட்டிக்கு இறுதிவரை பொறுக்காது.

சட்டம் இன்று ஓய்வை உரிமையாக்கியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை பணிபுரிந்தவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நல்லது. ஆனால், வீட்டு அடுப்படியில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்த விடுப்பை வீட்டில் உள்ளவர்கள்தாம் கொடுக்க வேண்டும்.

தீவுக்குப் போனால் ஓய்வு தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நாட்காட்டிகளில் அச்சிடப்படும் கிரேக்கத் தீவுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, கீழே கடல். அவற்றுள் புகழ்பெற்றது சந்தோரினி. அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 15,000 பேர்தான். 2023ஆம் ஆண்டில் மட்டும் அங்கு ஏறத்தாழ 34 இலட்சம் பேர் வந்துபோனதாகக் கணக்கிடப்பட்டது. உல்லாசக் கப்பல்களிலிருந்து நாளொன்றுக்கு 8,000 பேருக்குமேல் இறங்கக்கூடாது எனக் கட்டுப்பாடு விதிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. கப்பலிலிருந்து இறங்கி, சில மணி நேரத்தில் குறுகிய சந்துகளில் முண்டியடித்துப் படம் எடுத்துவிட்டு மீண்டும் கப்பலேறுகிறவரும், கோல சிலாங்கூரை ஒரே நாளில் சுற்றிமுடிக்கிறவரும் ஏறக்குறைய ஒரே பயணத்தைத்தான் செய்கிறார்கள்.

அதே கிரேக்க நாட்டில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. கோடைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிமுதல் ஐந்தரை மணிவரை அமைதி நேரம். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு இடையூறாக இரைச்சல் எழுப்புவதற்குத் தடை உண்டு. சிறு ஊர்களில் கடைகளையும் சாத்திவிடுவார்கள். வெயில் தணிந்த பிறகு ஊர் மீண்டும் எழும். நம் நாட்டு வெயிலுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். மற்ற நாள்களில் முடியாவிட்டாலும், விடுமுறையில் மூன்று நாளாவது இதைப் பின்பற்றிப் பார்க்கலாமே.

சரி, நமக்கு எட்டும் தீவு எது? என்னைக் கேட்டால் பங்கோர் என்பேன். கோல சிலாங்கூரிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் எனச் சிலாங்கூர் முடிந்து, பெர்ணம் ஆற்றைத் தாண்டியதும் பேராக் தொடங்குகிறது. பிறகு ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான், சித்தியவான், லுமுட். நடுவில் ஓரிடத்தில் பசியாறிவிட்டுப் போனாலும் அரை நாளுக்குள் சென்று சேர்ந்துவிடலாம். லுமுட்டில் படகேறினால் முக்கால் மணி நேரத்திற்குள் தீவு. இன்னொரு வசதி, அது மேற்குக் கரையில் இருப்பது. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கிழக்குக்கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியான் போன்றவற்றில் கடல் கொந்தளிக்கும். பல விடுதிகளை மூடிவிடுவார்கள். பங்கோருக்கு அந்தக் காலத்திலும் போகலாம்.

பங்கோர் நம்மவர்களுக்குப் புதிய பெயரன்று. 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாசி மகத்தின்போது அங்குள்ள கடலோரப் பத்திரகாளியம்மன் ஆலயத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பக்தர்கள் வருவதுண்டு. எங்கள் தோட்டத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். ஆனால், அது வழிபாட்டுப் பயணம். போய், கும்பிட்டு, அன்றே திரும்பிவிடுவார்கள். அந்தத் தீவில் இரண்டு இரவு தங்கியவர்கள் எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபதைக் கடந்த அம்மா. திட்டம் போடும் பொறுப்பை இரண்டாம் படிவத்தில் படித்த மகளிடம் கொடுத்தேன். முதலில் அவள் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் பதினோரு இடங்கள் இருந்தன! முதல் நாள் காலை ஏழு மணிமுதல் இரவு பத்து மணிவரை ஒரு நிமிடம்கூடக் காலியாக இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பாவின் பேத்தி அல்லவா!

“பாட்டிக்கு எது கஷ்டமா இருக்கும்னு கேட்டுட்டு வாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு வந்தவை எங்களில் யாருக்கும் தோன்றாதவை. பாட்டிக்கு முழங்கால் வலி. மாடி ஏற முடியாது. சர்க்கரை நோய் இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை சைவம். படகில் ஏறி இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று: பிற்பகலில் சிறிது நேரம் படுக்க வேண்டும், ஆனால், மற்றவர்கள் தமக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

இவற்றை வைத்துக்கொண்டு மகள் புதிய திட்டம் போட்டாள். தரைத்தளத்தில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை. கூட்டமும் வாடகையும் குறைவாக இருக்கும் என்பதால் வார இறுதியைத் தவிர்த்து, திங்கள் முதல் புதன் வரை பயணம். அதனால் வெள்ளிக்கிழமைச் சிக்கலும் தீர்ந்தது. ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும்; அதுவும் காலையில். பிற்பகல் முழுவதும் எல்லாருக்கும் ஓய்வு என்று அவள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். எல்லாரும் படுத்தால் பாட்டி யாரையும் காக்க வைக்கவில்லை அல்லவா? இந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது.

இதைப் படிக்கும்போது, ‘இவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு நாளைக்கு ஓரிடம்தானா?’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பணம் செலவழித்துப் போகிற குடும்பம் செலவுக்கேற்ற பலனை எதிர்பார்ப்பது நியாயமே. ஆண்டுக்கு ஒருமுறைகூட வெளியூர் போக முடியாத குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இருக்கின்றன. ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் இடமும் வண்டிச் செலவு, நுழைவுக் கட்டணம், வழியில் வாங்கும் தின்பண்டம் என்று பணத்தை இழுக்கும். ஒரே கடற்கரையில் உட்கார்ந்திருக்கக் கட்டணம் இல்லை. பதினோரு இடங்களை நீக்கியதில் மிச்சமான பணத்தில்தான் நாங்கள் மூன்று நாளும் கடையில் சாப்பிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. “வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுய்யா, சோறு ஆக்குற பானைய மட்டும் எடுத்துக்குறேன்” என்றார் அம்மா. பானை வந்தால் அரிசி வரும். அரிசி வந்தால் ரசப்பொடி வரும். பிறகு அவர் விடுதி அறையிலும் சமைத்துக்கொண்டுதான் இருப்பார். மறுபுறம், வேனுக்குள் அவிழ்த்த புளிச்சோற்றின் மணம் என் இளமைக்கால நினைவுகளிலேயே இனியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அம்மாவின் சமையல் இல்லாத பயணத்தை என் தம்பி பயணமாகவே ஏற்கமாட்டான். முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். முதல் நாள் வழிச்சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து. அதையும் முந்தைய இரவு எல்லாரும் சேர்ந்து செய்தோம். அம்மா நாற்காலியில் அமர்ந்து பக்குவம் சொன்னார். நான் புளி கரைத்தேன். மகன் வேர்க்கடலை வறுத்து, பாதியைத் தின்று தீர்த்தான். சோற்றை வாழையிலையில் பொட்டலமாகக் கட்டினோம். கழுவ ஒரு சட்டிகூட இல்லை. பானை வீட்டிலேயே இருந்தது.

காரை லுமுட்டில் நிறுத்திவிட்டுப் படகேறினோம். தீவின் கிழக்குப் பக்கம் மீனவர் குடியிருப்புகள். நெத்திலியும் கருவாடும் விற்கும் கடைகள். மேற்குப் பக்கம் பாசிர் போகாக், தெலுக் நிப்பா முதலிய கடற்கரைகள். இளஞ்சிவப்பு நிற வேன் ஒன்றில் ஏறித் தெலுக் நிப்பா போய்ச் சேர்ந்தோம். அன்று வேறெங்கும் போகவில்லை. மாலையில் இருவாட்சிப் பறவைகள் கூட்டமாக வந்து விடுதிக் கம்பிகளில் அமர்ந்தன. அந்தப் பெரிய அலகைப் பார்த்து அம்மா, “இது நம்ம தோட்டத்துக் காட்டுல கத்துமே, அந்தக் குருவிதானே?” என்றார். பேரப்பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கதை கிடைத்தது. தோட்டத்தின் எந்தப் பிரிவில் எந்தப் பறவை வரும், யானை வந்த இரவு யார் யார் எங்கே ஓடினார்கள் என்பதெல்லாம் அன்றுதான் எனக்கே தெரியும். பதினோரு இடங்களுக்கு ஓடியிருந்தால் அம்மாவுக்கு இதைச் சொல்ல நேரம் இருந்திருக்காது.

மறுநாள் காலை டச்சுக்காரர்களின் கோட்டைக்குப் போனோம். ஈய வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க அவர்கள் 1670இல் கட்டியது. பிறகு அழிக்கப்பட்டு, 1743இல் மீண்டும் எழுப்பப்பட்டு, ஐந்தே ஆண்டில் கைவிடப்பட்டது. இன்று கூரையில்லாத செங்கல் சுவர்கள்தாம் மிச்சம். பார்க்க அதிக நேரம் வேண்டியதில்லை. திரும்பும் வழியில் அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பகல் உணவுக்குப் பின் எல்லாரும் படுத்தோம். முதல் அரை மணி நேரம் எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. பணம் கொடுத்துத் தூங்க வந்தோமா என்று! என் பாட்டியின் பேரன்தானே நானும். மகன் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மணி பார்த்தான். சலிப்பாக இருக்கிறது என்றான். சலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் அவன் வெளியே போய், திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு அம்மா எழுந்து முகம் கழுவி வந்தார். எங்கே தேநீர் போடுவது என்று அவர் கை ஒரு கணம் தேடியது. மனைவி கடையிலிருந்து வாங்கி வந்த தேநீரை நீட்டினார். “சீனி கொறச்சதானே?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடல் அப்போது உள்வாங்கியிருந்தது. மகளும் மகனும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்ள, கைலியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு அம்மா தண்ணீரில் இறங்கினார். முதல் அலை காலில் பட்டதும் சின்னப் பிள்ளைபோல ஒரு சத்தம் போட்டார். வெயில் சாய்ந்து, எதிரே இருந்த சிறு தீவு கறுத்துப்போகும்வரை கரையேறவில்லை. முழங்கால் வலிக்குமே என்று நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் காதில் விழவில்லையா, விழாததுபோல் இருந்தாரா என்று தெரியவில்லை.

இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“நாளைக்கு எத்தனை மணிக்குய்யா படகு?”

“பதினொரு மணிக்கு மேலதாம்மா.”

“அப்போ காலையில இன்னொரு தடவ தண்ணியில இறங்கலாம்.”